‘இந்தத் தம்பியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்’: முதன்முறையாக ஒருவருக்கு முன்மாதிரியாக நிற்கப்போகும் விசுவாசிக்கு

ஆராதனை முடிந்து எல்லோரும் கலைகிற நேரத்தில் போதகர் உங்களைக் கூப்பிடுவார். அண்மையில் ஞானஸ்நானம் எடுத்த ஒருவரைக் காட்டி, “இந்தத் தம்பியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்பார். நீங்கள் பெண்ணாக இருந்தால், “இந்தப் பிள்ளைக்கு ஒரு அக்கா மாதிரி இரும்மா” என்பார். நீங்களும் மகிழ்ச்சியாகத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். கேள்விகள் அதற்குப் பிறகுதான் வரும். எத்தனை நாள் பார்த்துக்கொள்ள வேண்டும்? எங்கே சந்திப்பது? எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது? அவர் பணம் கேட்டால்? அவருடைய அப்பா அம்மாவுக்கு இது தெரியுமா? இதெல்லாம் எப்போது முடியும்?

எனக்கு இவற்றை யாரும் வரிசையாகச் சொல்லித்தரவில்லை. ஒன்றை ஒரு மூப்பரிடம் (சபையை மேற்பார்வை செய்கிற மூத்தவர்), இன்னொன்றை வேறொரு சபையில் வாலிபர் ஊழியம் செய்கிற ஒரு அக்காவிடம் என்று கேட்டுக் கேட்டுத்தான் சேர்த்தேன். தொடங்கிய பிறகு அனுமதிக் கடிதத்துக்காக அலைவது, பாதியில் பெற்றோரிடம் ஒப்புதல் கேட்டு நிற்பது எல்லாம் பெரிய மனவேதனை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். குறிப்பாக முதல் நான்கு படிகளையும் முடிக்காமல் முதல் சந்திப்புக்கு நாள் குறிக்காதீர்கள்.

1. சம்மதம் சொல்வதற்கு முன் இரண்டு வாரம் கேளுங்கள்

போதகரிடம், “ஐயா, இரண்டு வாரம் ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லுங்கள். அவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். அந்த இரண்டு வாரத்தை ஜெபத்தோடு கொஞ்சம் விசாரிப்பதற்கும் பயன்படுத்துங்கள். விசாரிக்க வேண்டியது உங்களைப் பற்றித்தான்.

தீமோத்தேயுவுக்குப் பவுல் மாதிரியாயிருக்கச் சொன்ன இடத்தில் (1 தீமோத்தேயு 4:12) ஆறு காரியங்களை எண்ணிச் சொல்கிறார்: வார்த்தை, நடக்கை, அன்பு, ஆவி, விசுவாசம், கற்பு. பிரசங்கத் திறமையோ பாட்டுத் திறமையோ வேத அறிவோ அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே உங்களைச் சோதித்துப் பார்க்கும்போது “எனக்கு எவ்வளவு வேதம் தெரியும்” என்று தொடங்காதீர்கள். மூன்று பேரிடம் போய்க் கேளுங்கள்: உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவர், உங்களோடு வேலை செய்பவர் (உங்களுக்குக் கீழே வேலை செய்பவராக இருந்தால் இன்னும் நல்லது), சபையில் உங்களோடு ஏதாவது ஒரு பொறுப்பைப் பகிர்ந்துகொண்டவர். கேள்வி ஒன்றே போதும்: “ஒரு புது விசுவாசி என்னைப் பார்த்து அப்படியே செய்தால், எதைச் செய்யக் கூடாது என்று நினைப்பீர்கள்?” கேட்டுவிட்டு விளக்கம் சொல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

சில காரியங்கள் இருந்தால் சம்மதத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. திருப்பித் தருவதாகச் சொல்லித் தராமல் வைத்திருக்கும் கடன், ஒரே சபையில் இருந்துகொண்டே பேச்சுவார்த்தை இல்லாத உறவு, யாருக்கும் தெரியாமல் காத்துவரும் ஒரு பழக்கம். இவற்றைச் சரிசெய்யத் தொடங்கிவிட்டு வாருங்கள். முழுவதும் தேறிய பிறகுதான் வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிலிப்பியர் 3-ஆம் அதிகாரத்தில் பவுல் 12-ஆம் வசனத்தில் தான் இன்னும் முற்றும் தேறினவன் அல்ல என்கிறார். 17-ஆம் வசனத்தில் என்னைப் பின்பற்றுங்கள் என்கிறார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தது, தன் குறையை அவர் ஒளிக்கவில்லை என்பதால்தான். குறை இருக்கிறவர் வழிகாட்டலாம். குறையை மறைத்து வைத்திருக்கிறவர் வழிகாட்டக் கூடாது.

2. உங்களுக்கு மேலே ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்

இது இல்லாமல் தொடங்கவே தொடங்காதீர்கள். சபைகளில் நடந்து வெளியே வந்த எத்தனையோ வேதனையான காரியங்களில், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிராத ஒரு வழிகாட்டி இருந்திருப்பார். பேதுருவுக்கே அந்தியோகியாவில் முகமுகமாய் எதிர்த்துச் சொல்ல ஒரு பவுல் தேவைப்பட்டார் (கலாத்தியர் 2:11). நமக்கு வேண்டாமா?

இவர் உங்கள் நெருங்கிய நண்பராக இருக்க வேண்டாம். நண்பர் உங்களுக்காகப் பரிந்து பேசுவார். மூப்பர் ஒருவரோ, போதகரோ, நீண்டகாலமாக இந்தப் பணியைச் செய்தவரோ இருக்கட்டும். மாதம் ஒருமுறை அரைமணி நேரம் கேளுங்கள். அவர் உங்களிடம் கேட்க வேண்டியவை: அந்தத் தம்பியை எங்கே, எத்தனை முறை சந்தித்தீர்கள்? பணம் கைமாறியதா? என்னிடம் சொல்ல உங்களுக்குச் சங்கடமான எதையாவது செய்தீர்களா? உங்கள் சொந்த ஜெபமும் வேத வாசிப்பும் எப்படிப் போகிறது? இந்தக் கேள்விகளை நீங்களே எழுதி அவர் கையில் கொடுத்துவிடுங்கள். பல மூப்பர்கள் தாங்களாகக் கேட்கக் கூச்சப்படுவார்கள்.

3. யாரை ஏற்பது, எத்தனை பேரை ஏற்பது

முதல்முறை ஒரே ஒருவர். அனுபவம் வந்த பிறகும் ஒரே காலத்தில் மூவருக்கு மேல் வேண்டாம். காலைமுதல் சாயங்காலம்வரை ஜனங்களை நியாயம் விசாரித்துக்கொண்டிருந்த மோசேயைப் பார்த்து எத்திரோ, இது நல்லதல்ல, நீரும் உம்மோடிருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்று சொன்னார் (யாத்திராகமம் 18). களைத்துப்போன வழிகாட்டியிடமிருந்து தம்பி கற்றுக்கொள்வது களைப்பை மட்டும்தான்.

ஆண்களுக்கு ஆண்கள், பெண்களுக்குப் பெண்கள். இதில் விதிவிலக்கு தேடாதீர்கள். தீத்து 2-ஆம் அதிகாரம் முதிர்வயதுள்ள ஸ்திரீகளைத்தான் இளம்பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்கிறது. சபையில் பொருத்தமான ஆள் இல்லை என்றால், கணவனும் மனைவியும் சேர்ந்து ஒருவரை ஏற்கலாம். அப்பொல்லோவைச் சேர்த்துக்கொண்டு தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாய் விளக்கியது ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் சேர்ந்துதான் (அப்போஸ்தலர் 18:26).

உங்கள் கீழே வேலை செய்பவரையோ, நீங்கள் மதிப்பெண் போடுகிற மாணவரையோ, உங்களுக்குக் கடன்பட்டவரையோ ஏற்காதீர்கள். அவரால் உங்களிடம் ‘இல்லை’ என்று சொல்ல முடியாது.

இன்னொன்று. அவரே விரும்பிக் கேட்டாரா, அல்லது அம்மாவின் வற்புறுத்தலுக்காக வந்து நிற்கிறாரா என்று தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிறர் தள்ளிவிட்டு வந்தவர் மூன்றாவது சந்திப்புக்கு வரமாட்டார். அவர்மேல் கோபப்படவும் முடியாது.

4. தாள்கள்

“ஆவிக்குரிய காரியத்துக்கு எதற்குத் தாள்?” என்று யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள். சபைகள் சேர்த்த தர்மப்பணத்தை எடுத்துப்போகும்போது பவுல் தனியாகப் போகவில்லை. சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்டவரைத் துணைக்கு வைத்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனிதருக்கு முன்பாகவும் யோக்கியமானவற்றைச் செய்ய நாடுவதாகக் காரணமும் சொன்னார் (2 கொரிந்தியர் 8:19-21). பணத்துக்கே அப்படியென்றால் ஒரு மனிதருக்கு எவ்வளவு கவனம் வேண்டும்! இந்த வசனத்தைக் காட்டினால் பெரும்பாலும் பேச்சு அடங்கிவிடும்.

*அ) சபையின் அனுமதிக் கடிதம்.* நான்கு வரி போதும். உங்கள் பெயர், அவர் பெயர், தொடங்கும் தேதி, முடியும் தேதி, மேற்பார்வை செய்கிற மூப்பரின் பெயர், போதகரின் கையொப்பம். போதகர் வேலை மிகுதியில் இருப்பார். நீங்களே எழுதிக்கொண்டு போய்க் கையொப்பம் மட்டும் வாங்குங்கள். “வாய்மொழியாகச் சொல்லிவிட்டேனே” என்றால் பணிவாக மறுபடியும் கேளுங்கள். போதகர் இடமாற்றலாகிப் போனால் வாய்மொழி அனுமதியும் அவரோடு போய்விடும்.

*ஆ) பின்னணிச் சரிபார்ப்பு.* 18 வயதுக்குட்பட்ட ஒருவரை ஏற்பதாக இருந்தால், காவல்துறை தரும் நன்னடத்தைச் சான்றையோ அதற்கு நிகரானதையோ பல சபைகளும் அமைப்புகளும் கேட்கும். உங்கள் சபை கேட்காவிட்டாலும் நீங்களாகவே எடுத்துக் கொடுங்கள். கட்டணமும் காலமும் நாட்டுக்கு நாடு மாறும். இருக்கிற தாள்களிலேயே அதிகம் தாமதமாவது இதுதான் என்பதால் எல்லாவற்றுக்கும் முன்னால் இதற்கு விண்ணப்பியுங்கள். சான்றில் உள்ள பெயரும் உங்கள் அடையாள அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கட்டும். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, சான்றிதழ்ப் பெயர் ஒன்று என்று இருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

*இ) பெற்றோர் ஒப்புதல்.* 18 வயதுக்குட்பட்டவருக்குக் கட்டாயம். சந்திக்கும் இடம், நாள், நேரம், வேறு பெரியவர் ஒருவர் கண்ணில் படும் தூரத்தில் இருப்பார் என்ற உறுதி, பெற்றோர் எந்த நேரத்திலும் நிறுத்தச் சொல்லலாம் என்ற வரி ஆகியவை அதில் இருக்க வேண்டும். பெற்றோர் வேறு நம்பிக்கையில் இருப்பவர்களானால் இன்னும் வெளிப்படையாகப் பேசுங்கள். பிள்ளையை அவர்களுக்குத் தெரியாமல் சந்திப்பது எவ்வளவு நல்ல நோக்கத்தோடு இருந்தாலும் தவறு. ஒளித்துச் செய்யலாம் என்பதைத்தான் பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்ளும்.

*ஈ) உடன்பாட்டுத் தாள்.* இது உங்களுக்கும் அவருக்கும் இடையில். ஒரே பக்கம். நான் பயன்படுத்துவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“நாம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், பிறர் வந்துபோகும் இடத்தில் சந்திப்போம். மூன்று சந்திப்புகளுக்குப் பிறகு தொடரலாமா என்று இருவரும் தனித்தனியே முடிவு செய்வோம். வேண்டாம் என்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை. மொத்தக் காலம் 12 மாதம். வர முடியாவிட்டால் முந்தைய நாளே சொல்லிவிடுவோம். ஒருவருக்கொருவர் கடன் கொடுப்பதும் வாங்குவதும் இல்லை. நீங்கள் சொல்வதை நான் வெளியே சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் உயிருக்கோ, இன்னொருவர் உயிருக்கோ, ஒரு குழந்தையின் பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் உரியவர்களிடம் சொல்வேன், அதை முதலில் உங்களிடம் தெரிவிக்க முயல்வேன். உங்கள் திருமணம், வேலை, படிப்பு பற்றிய முடிவுகள் உங்களுடையவை. என்மேல் குறை இருந்தால் நீங்கள் போய்ப் பேச வேண்டியவர் இந்த மூப்பர்.”

கடைசி வரியில் மூப்பரின் பெயரையும் ஃபோன் எண்ணையும் எழுதுங்கள். அந்த வரிதான் இந்தத் தாளின் உயிர். இரண்டு பிரதிகள் எடுத்துத் தயாராக வையுங்கள். முதல் சந்திப்பில் இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

5. காலமும் செலவும்

நேரக் கணக்கை முன்கூட்டியே போட்டுப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 24 சந்திப்புகள், அதாவது 36 மணி நேரம். ஒவ்வொன்றுக்கும் அரைமணி நேரத் தயாரிப்பு என்றால் இன்னும் 12 மணி. மூப்பரோடு மாதாந்தரப் பேச்சு 6 மணி. மொத்தம் 54 மணி நேரம். பயணம், இடையில் வரும் ஃபோன் அழைப்புகள், உங்களோடு அவரைக் கூட்டிக்கொண்டு போகும் நாட்கள் இதில் சேரவில்லை. அவற்றையும் சேர்த்தால் இரட்டிப்பாகிவிடும். உங்கள் வீட்டாரிடம் இந்தக் கணக்கைக் காட்டி அவர்கள் சம்மதத்தையும் வாங்குங்கள். சொந்த வீட்டாருக்குக் கொடுக்க வேண்டிய நேரத்தை எடுத்து ஊழியம் செய்கிறவரை அந்தத் தம்பி பார்த்தால், நாளைக்குத் தன் மனைவி பிள்ளைகளுக்கும் அதையே செய்வார்.

தேர்வுக் காலம், வீட்டில் குழந்தை பிறக்கப்போகிற மாதங்கள், வேலை மாறும் நேரம் இவற்றில் தொடங்காதீர்கள். பண்டிகைக் காலத்தில் சபை வேலைகள் குவியும் என்பதால் டிசம்பரிலும் வேண்டாம். ஜனவரியில் தொடங்கினால் 12 மாதக் கணக்கு எளிது.

பணத்தில் கடுமையாக இருங்கள். உங்கள் பயணச் செலவு உங்களுடையது, அவருடையது அவருடையது. முடியாதவராக இருந்தால் சபையின் வழியாக ஏற்பாடு செய்யுங்கள். ஒரு வேதாகமமும் ஒரு நோட்டும் வாங்கிக் கொடுக்கலாம். அதற்கு மேல் பரிசுகள் வேண்டாம். கஷ்டம் என்று பணம் கேட்டால், “நான் கொடுக்க முடியாது, ஆனால் உதவி நிதியைப் பார்க்கும் மூப்பரிடம் உங்களோடு நானும் வருகிறேன்” என்று சொல்லி, உண்மையாகவே கூடப் போங்கள். கடன் கொடுத்த அன்றே நீங்கள் அவருக்குக் கடனைத் திருப்பிக் கேட்கிறவர் ஆகிவிடுவீர்கள். அதன்பிறகு உங்கள் ஃபோன் அழைப்பையே அவர் எடுக்கப் பயப்படுவார். மறுபக்கமும் உண்டு: அவரிடம் காப்பீடு விற்பது, சங்கிலித்தொடர் வியாபாரத்தில் சேர்ப்பது, உங்கள் கடைக்கோ வீட்டுக்கோ கூலியில்லாமல் வேலை வாங்குவது எதுவும் கூடாது. எபேசு மூப்பரிடம் விடைபெறும்போது பவுல், ஒருவனுடைய வெள்ளியையோ பொன்னையோ வஸ்திரத்தையோ நான் இச்சிக்கவில்லை என்று சொல்லித் தன் கைகளைக் காட்ட முடிந்தது (அப்போஸ்தலர் 20:33-34).

6. சந்திப்பில் என்ன செய்வது

முதல் சந்திப்பில் உடன்பாட்டுத் தாளை வாசித்து, கேள்விகள் கேட்க விட்டு, கையொப்பமிடுங்கள். பிறகு நீங்கள் விசுவாசத்துக்கு வந்த கதையை 10 நிமிடத்துக்குள் சொல்லிவிட்டு, அவர் கதையைக் கேளுங்கள். அன்றைக்குப் பாடம் வேண்டாம்.

அடுத்தவற்றில் எனக்குச் சரிவருகிற அமைப்பு: முதல் 20 நிமிடம் கடந்த இரண்டு வாரம் எப்படிப் போனது, அடுத்த 40 நிமிடம் ஒரே ஒரு வேதபகுதி, இருவரும் முன்கூட்டி வாசித்து வந்தது, பிறகு அதில் ஒரு காரியத்தை இந்த இரண்டு வாரத்தில் எங்கே செய்யப்போகிறோம் என்று இருவரும் சொல்வது, கடைசியில் ஜெபம். ‘இருவரும்’ என்பதில் கவனமாயிருங்கள். அவர் மட்டும் செய்ய வேண்டியதைச் சொல்லி, நீங்கள் கணக்குக் கேட்பவராக உட்கார்ந்துவிட்டால் அது வகுப்பறையாகிவிடும். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரங்கள்தான், ஒரு சந்திப்புக்கு ஒன்று என்று போனால் எட்டு மாதத்தில் முடியும்.

அவர் கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லத் துடிக்காதீர்கள். சாமுவேல் இரவில் மூன்று முறை ஏலியிடம் ஓடிவந்தபோது, கூப்பிடுகிறவர் கர்த்தர் என்று கடைசியில் புரிந்துகொண்ட ஏலி, என்ன சொல்வார் என்று தானே விளக்கிக்கொண்டிருக்கவில்லை. திரும்பிப் போய்ப் படுத்துக்கொள், மறுபடி கூப்பிட்டால் ‘கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன்’ என்று சொல் என்று அனுப்பிவிட்டார் (1 சாமுவேல் 3). தன் வீட்டைச் சரியாக நடத்தாத ஏலியிடமிருந்தும் நாம் கற்க வேண்டியது அது. தெரியாத கேள்விக்கு “தெரியவில்லை, படித்துவிட்டு அடுத்த முறை சொல்கிறேன்” என்று சொல்லி, அடுத்த முறை கட்டாயம் சொல்லுங்கள்.

7. சந்திப்புக்கு வெளியே: உண்மையான பாடம் இங்கேதான்

இயேசு பன்னிரண்டு பேரை ஏற்படுத்தியதற்கு மாற்கு முதலில் சொல்கிற காரணம், அவர்கள் ‘தம்மோடுகூட இருக்க’ வேண்டும் என்பது. பிரசங்கிக்க அனுப்புவது அதற்குப் பிறகு வருகிறது (மாற்கு 3:14). கூட இருந்து பார்த்ததைத்தான் மனிதர் எடுத்துக்கொள்கிறார்கள். மேசையில் நீங்கள் நடத்திய பாடத்தை ஆறு மாதத்தில் மறந்துவிடுவார். வண்டி நிறுத்துமிடத்தில் வம்புக்கு வந்தவரிடம் நீங்கள் எப்படிப் பேசினீர்கள் என்பதை மறக்கமாட்டார்.

ஆகவே மாதம் ஒருமுறையாவது உங்கள் வழக்கமான வேலைகளுக்கு அவரைக் கூட்டிச் செல்லுங்கள். நோயாளியைப் பார்க்கப் போகும்போது, சபையில் நாற்காலி அடுக்கும்போது, துக்க வீட்டுக்குப் போகும்போது. துக்க வீட்டில் நீங்கள் வசனம் சொல்லாமல் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தீர்கள் என்றால், எப்போது பேசாமலிருக்க வேண்டும் என்பதை அவர் வேறெங்கும் கற்க முடியாத விதத்தில் கற்றுக்கொண்டிருப்பார்.

நான் மிக அதிகம் கற்றுக்கொண்டது ஒரு மூப்பரிடமிருந்து. சபைக் கமிட்டியில் கணக்கைப் பற்றி ஒரு இளைஞர் சொன்னதை அவர் கொஞ்சம் வேகமாகவே மறுத்துவிட்டார். கூட்டம் முடிந்து நாங்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தோம். மூப்பர் கையில் அந்தக் கணக்குத் தாளோடு திரும்பி நடந்து, இன்னும் நான்கைந்து பேர் நின்றுகொண்டிருக்கும்போதே, “தம்பி, இப்போதுதான் கூட்டிப் பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி. எல்லார் முன்னாலும் உன்னை மடக்கினேன், அதனால் எல்லார் முன்னாலும் சொல்கிறேன்” என்றார். அந்த இளைஞருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்கு மன்னிப்பைப் பற்றி அதுவரை கேட்ட பிரசங்கங்களில் இல்லாத ஒன்று அன்று விளங்கியது: அவமானம் எத்தனை பேர் முன்னால் நடந்ததோ, திருத்தமும் அத்தனை பேர் முன்னால் நடக்க வேண்டும்.

சின்னப் பொய்களில்தான் பெரும்பாலான வழிகாட்டிகள் பிடிபடுகிறார்கள். வீட்டில் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே ஃபோனில் “பக்கத்தில் வந்துவிட்டேன்” என்பது. கடன் கேட்டு அழைக்கிறவர் என்றதும் பிள்ளையிடம் ஃபோனைக் கொடுத்து “அப்பா வெளியே போயிருக்கிறார் என்று சொல்” என்பது. வாட்ஸ்ஆப்பில் வந்ததை உண்மையா என்று பார்க்காமல் சபைக் குழுவில் பகிர்வது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பி ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் எது பாவம், எது ‘பரவாயில்லை’ என்ற கோட்டை அவர் அந்த நிமிடத்தில் போட்டுக்கொள்வார். அதற்குப் பிறகு அந்தக் கோட்டை அழிப்பது மிகக் கடினம்.

இதற்காக நடிக்கவும் வேண்டாம். அவர் வருகிறார் என்று குடும்ப ஜெபத்தை மட்டும் அன்றைக்கு நீட்டாதீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடும்.

8. இரகசியமும் அதன் எல்லையும்

அவர் நம்பிச் சொன்னது உங்கள் மனைவிக்கும் தெரியக் கூடாது, கணவருக்கும் தெரியக் கூடாது. அதிகமாக இரகசியம் உடைகிற இடம் ஜெபக் கூட்டம். “ஒரு தம்பிக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம், ஒரு பழக்கத்துக்கு அடிமை” என்று சொன்னால் போதும், சபையில் பாதிப்பேருக்கு யாரென்று தெரிந்துவிடும். அவர் அனுமதித்த வார்த்தைகளில் மட்டும் ஜெபக் குறிப்பு கொடுங்கள்.

எல்லையும் உண்டு. தற்கொலை எண்ணம், யாரையாவது தாக்கும் திட்டம், ஒரு குழந்தைக்கு நடக்கும் கொடுமை ஆகியவற்றை அன்றைக்கே உரியவர்களிடம் சொல்லியாக வேண்டும். குழந்தைகள் தொடர்பான சட்டக் கடமை உங்கள் நாட்டில் என்ன என்று தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பல நாடுகளில் தெரிந்தும் தெரிவிக்காமலிருப்பது குற்றம். “சபை மானம் போய்விடும்” என்று யாராவது தடுத்தால் கேட்காதீர்கள்.

மனச்சோர்வு, போதைப் பழக்கம், வீட்டில் அடிவாங்குவது போன்றவற்றுக்கு நீங்கள் வைத்தியர் அல்ல. ஜெபியுங்கள், கூடவே மருத்துவரிடமும் கூட்டிக்கொண்டு போங்கள். விசுவாசம் இருந்தால் மாத்திரை வேண்டாம் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அந்த ஒரு வாக்கியத்தால் உயிர் போகலாம்.

9. கண்டிக்க வேண்டி வந்தால், நீங்களே தவறினால்

தனியாக, நேரில், சீக்கிரமாக. மத்தேயு 18:15 சொல்வது அதுதான். செய்தியாகத் தட்டச்சு செய்து அனுப்பாதீர்கள். எழுத்தில் உங்கள் குரல் கேட்காது, இருப்பதைவிடக் கடுமையாகத் தெரியும். நீங்கள் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், நோக்கத்தை ஊகிக்காதீர்கள்.

நீங்கள் தவறினால், அவர் வேறு வாயால் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள். முதலில் உங்கள் மேற்பார்வை மூப்பரிடம், அன்றைக்கே. பிறகு தம்பியிடம், அவரைப் பாதித்த அளவுக்கு மட்டும். “ஏதாவது தப்பாக நடந்திருந்தால் மன்னியுங்கள்” என்பது மன்னிப்பு அல்ல. செய்ததைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். தவறு பெரியதென்றால் பொறுப்பிலிருந்து விலகி நிற்பதா என்பதை மூப்பர் முடிவு செய்யட்டும்.

10. அவருடைய முடிவுகளை நீங்கள் எடுக்காதீர்கள்

நல்ல மனதுள்ள வழிகாட்டிகளும் அதிகம் சிக்குகிற பொறி இது. யாரைக் கட்டுவது, எந்த வேலைக்குப் போவது, எந்தச் சபையில் சேர்வது என்று அவர் கேட்பார். உங்களுக்கும் ஒரு கருத்து இருக்கும். கருத்தைக் கருத்தாகச் சொல்லலாம். “கர்த்தர் எனக்கு உணர்த்தினார், நீ இவரைக் கட்டக் கூடாது” என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த வார்த்தைக்கு முன்னால் அவரால் யோசிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. கொரிந்து சபையாருக்குப் பவுல் எழுதியது இதற்கு நல்ல அளவுகோல்: உங்கள் விசுவாசத்துக்கு நாங்கள் அதிகாரிகள் அல்ல, உங்கள் சந்தோஷத்துக்குச் சகாயர் (2 கொரிந்தியர் 1:24).

உங்கள் உடை, உங்கள் ஜெபத் தொனி, உங்கள் அரசியல் எல்லாவற்றையும் அவர் பிடித்துக்கொண்டால் மகிழாதீர்கள். 1 கொரிந்தியர் 11:1-இல் என்னைப் பின்பற்றுங்கள் என்பதோடு, நான் கிறிஸ்துவைப் பின்பற்றுகிறதுபோல என்ற வரம்பும் சேர்ந்தே வருகிறது. அந்த வரம்புக்கு வெளியே உள்ளதில் அவர் உங்களைப்போல இல்லாமலிருப்பது நல்லது. உங்களைக் கேட்காமல் முடிவெடுத்து, பிறகு வந்து சொல்கிற நாள் வந்தால் இந்த வேலை சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

11. முடிப்பது

முடிவுத் தேதியை எழுதாத வழிகாட்டுதல்கள் பெரும்பாலும் மெல்ல மெல்லக் கரைந்து, இருவருக்கும் குற்ற உணர்ச்சியை மட்டும் மிச்சம் வைக்கின்றன. பர்னபா தர்சுவுக்குப் போய்ச் சவுலைத் தேடிக் கூட்டிவந்து, அந்தியோகியாவில் ஒரு வருஷமுழுதும் இருவரும் சபையோடு சேர்ந்திருந்தார்கள் (அப்போஸ்தலர் 11:25-26). உங்களுக்கும் ஓராண்டு போதும். இன்னும் தேவை என்றால் ஆறு மாதம் நீட்டி, புதுத் தாள் எழுதுங்கள். பழைய தாளிலேயே ஓட்டாதீர்கள்.

பாதியில் விட்டுப் போகிறவர்களும் இருப்பார்கள். பம்பிலியாவில் விட்டுத் திரும்பிப்போன மாற்குவை மறுபடி சேர்த்துக்கொள்ளப் பவுல் மறுத்தார். பர்னபா சேர்த்துக்கொண்டு சீப்புருதீவுக்குப் போனார். கடைசி நிருபத்தில் அதே பவுல், மாற்குவை அழைத்து வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:11). எனவே போகிறவரைத் திட்டி அனுப்பாதீர்கள். “எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு” என்று சொல்லி, மூப்பரிடம் தகவல் தெரிவித்துவிட்டு விடுங்கள்.

ஓராண்டு நிறைந்தவரோடு கடைசிச் சந்திப்பில் மூன்று வேலைகள் இருக்கின்றன. ஒன்று, என்ன உதவியது, எது உதவவில்லை, எது காயப்படுத்தியது என்று அவரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு, 2 தீமோத்தேயு 2:2-ஐச் சேர்ந்து வாசியுங்கள். பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனுஷர், மற்றவர்கள் என்று அந்த ஒரு வசனத்தில் நான்கு தலைமுறை இருக்கிறது. அவர் யாருக்கு இதைச் செய்யப்போகிறார் என்று கேளுங்கள். உடனே பதில் வேண்டாம், ஆறு மாதம் எடுத்துக்கொள்ளட்டும். தொடங்கும்போது இந்தப் பதினொரு படிகளையும் அவர் கையில் கொடுங்கள்.

மூன்று, தாள்கள். சந்திப்புகளில் நீங்கள் எடுத்த குறிப்பு நோட்டை அவரிடமே கொடுத்துவிடுங்கள், அல்லது அவர் கண்முன் கிழித்துப் போடுங்கள். ஃபோனில் இருக்கும் அவருடைய சொந்த விஷயங்கள் பற்றிய செய்திகளையும் அழித்துவிடுங்கள். ஆபத்து காரணமாக யாரிடமாவது புகார் தெரிவித்திருந்தால் அது தொடர்பான எதையும் அழிக்காதீர்கள். அனுமதிக் கடிதம், ஒப்புதல், உடன்பாட்டுத் தாள் மூன்றையும் முடிவுத் தேதி எழுதி, சபை அலுவலகக் கோப்பில் சேர்த்து, சேர்த்ததற்கு ஒரு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.